பம்புக்கு அறுத்த தோல்

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று நான் அவருடன் பேசவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், இப்போதும் அப்படித்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பூந்தமல்லிக்குப் போய் ஆள் எடுப்பவர்களிடம் பெயர் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. கேட்காமல் விட்டுவிட்டுப் போக நான் என்ன, தொழுவத்தில் கட்டிய மாடா?

அவர் சைக்கிள் மெக்கானிக். வேலப்பன்சாவடியில் ரோட்டோரமாகக் கீற்றுக் கொட்டகை போட்டுக் கடை வைத்திருந்தார். யுத்தம் வந்ததும் டயர் கிடைக்கவில்லை, டியூப் கிடைக்கவில்லை. ஒட்டுப் போட்ட இடத்திலேயே மறுபடி ஒட்டுப் போட்டு எத்தனை நாள் ஓட்டுவது? கடையை மூடி, சாமான்களை நூம்பலில் இருந்த எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றினார். ஸ்பானர்கள், சுத்தியல், தோல் அறுக்கிற கத்தி, அப்புறம் அந்தப் பம்பு.

அது சைக்கிளோடு மாட்டிக்கொண்டு போகிற சின்னப் பம்பு அல்ல. தரையில் நிறுத்தி, அடியில் இருக்கும் இரும்புப் பட்டையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, மரக் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அடிக்கிற பம்பு. என் இடுப்பு உயரம் இருக்கும். கடைக்கு முதன்முதலில் வாங்கிய சாமான் அதுதான் என்று அவருக்கு அதன்மேல் ஒரு பெருமை. என்மேல்கூட அவ்வளவு பெருமை உண்டா என்பது எனக்குச் சந்தேகம்.

கிளம்புகிற நேரத்தில் சாத்திய கதவுக்கு வெளியே வந்து நின்றார். நிற்பது எனக்குத் தெரிந்தது. "இன்னாமே, பம்புக்கு மாசத்துக்கு ஒரு தபா எண்ண உடு. தோலு காஞ்சிடப் போவுது" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

போகிற மனுஷன் பெண்டாட்டிக்குச் சொல்லிவிட்டுப் போகிற சொல்லா அது? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த மனுஷனுக்கு அதைவிட அன்பாகப் பேசத் தெரியாது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. அப்போது நான் செய்ததெல்லாம், பம்புக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை. எட்டு மாதம். அவரைப் பழிவாங்க என்னிடம் வேறு என்ன இருந்தது?

என் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம். ஆண்பிள்ளை தூரதேசம் போனால், அவன் கழற்றிப்போட்ட செருப்பை வாசற்படிக்கு உள்ளே, முனை வீட்டைப் பார்க்கும்படி வைப்பார்கள். அவன் திரும்பி வந்து காலை நுழைக்கும்வரை அதை யாரும் நகர்த்தக் கூடாது. அவன் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறான் என்று அர்த்தம். பட்டாளத்தில் பூட்ஸ் கொடுப்பார்கள் என்று அவர் தன் செருப்பை விட்டுவிட்டுப் போனார். மாமியார் அதை எடுத்து வைத்தார். அன்றிலிருந்து பெருக்கும்போது செருப்பைச் சுற்றிப் பெருக்குவோம், அது இருக்கும் இடத்தைத் தொடமாட்டோம்.

அந்தச் செருப்புக்கு நான் எண்ணெய் போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மாமியார் கோயிலுக்குப் போனதும், இருந்த இடத்திலேயே வைத்து, விளக்கெண்ணெயை விரலில் தொட்டுத் தடவுவேன். தடவிவிட்டு, எனக்குள் நானே சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போவேன். பரணில் பம்பு காய்ந்துகொண்டிருந்தது.

எட்டாவது மாதம் அவரை ஆவடி முகாமுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. சொன்னவர் எங்கள் தெருப் பால்காரர். தினமும் சைக்கிளில் முகாமுக்குப் பால் கொண்டுபோகிறவர். மோட்டார் ரிப்பேர் கொட்டகையில் என் வீட்டுக்காரரைப் பார்த்தாராம், லீவு கொடுக்கமாட்டார்களாம், போனால் வேலிக்கு இப்பால் நின்று பேசலாமாம். மாமியார் மறுநாளே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. "ஒனக்கு இன்னாடி அவ்ளோ வீம்பு" என்றார். ஆமாம், வீம்புதான். இரண்டு நாளில் அது கரைய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று யாரிடமும் சொல்லாமல் மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். காலிக் கேன்கள் இரண்டு பக்கமும் தொங்கின. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, உன் ஊட்டுக்காரரு இன்னிக்கி நாலு மணி ரயில்ல கெளம்பறாரு. எங்க இட்டுகினு போறாங்கன்னு சொல்ல மாட்டேன்றாங்க. ஊட்ல சொல்லிடு அண்ணாத்தேன்னாரு. நா கெளம்பி பருத்திப்பட்டாண்ட வர்றேன், காத்து எறங்கிப் போச்சு. அங்கேர்ந்து தள்ளிகினே வர்றேன்."

"இப்ப மணி இன்னா அண்ணாத்தே?"

"ரெண்டு ஆவப் போவுது."

ஆவடிக்கு ஏழு மைலுக்குக் குறையாது. ஓட்டமும் நடையுமாகப் போனாலும் ரயில் கிளம்புகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்வேன், அவரைத் தேடிப் பிடித்துப் பேச நேரம் இருக்காது. பூந்தமல்லிக்குப் போகும், கரியில் ஓடுகிற பஸ் சாயந்தரம்தான் வரும், வந்தாலும் அது ஆவடிப் பக்கம் போகாது. மாட்டு வண்டியைவிட நான் வேகமாக நடப்பேன். மிச்சம் இருந்தது காற்றில்லாத அந்த ஒரு சைக்கிள்.

"பஞ்சரு இல்ல தங்கச்சி. வால்வாண்ட கசியுது. நல்லா அடிச்சா ரெண்டு மைலு தாங்கும். மெக்கானிக் ஊடாச்சே, பம்பு கீதா?"

மாமியார் உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். சைக்கிளின் பின்னால் ஒரு ஆள்தான் உட்காரலாம். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீ போ. நா பாத்துட்டேன். போயி அவன்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வா" என்றார். அந்த நொடியில் அவர் காலில் விழலாம் போல இருந்தது.

பரணில் ஏறிப் பம்பை இறக்கினேன். கைப்பிடியை மேலே இழுத்து அழுத்தினேன். அது எதிர்ப்பே இல்லாமல் சொத்தென்று கீழே விழுந்தது. குழாய் முனையில் விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு மூச்சுக்கூட வரவில்லை. மேல்மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே இருக்கும் கம்பியை உருவினேன். கம்பியின் அடிநுனியில் நட்டு போட்டு முறுக்கிய, கிண்ணம் மாதிரி ஒரு தோல் இருக்கும். உருளைக்குள் அது இறுக்கமாக ஒட்டிக்கொண்டு போனால்தான் காற்று கீழே போகும். விரல் பட்டதும் அந்தத் தோல் பழைய அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது.

எட்டு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் நான் செய்த வேலை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழவில்லை. அழ நேரம் ஏது? கிழிந்த புடவைத் துண்டை எண்ணெயில் நனைத்துக் கம்பியில் சுற்றிப் பார்த்தேன். துணியின் வழியாகக் காற்றெல்லாம் மேலே வந்துவிட்டது. பழைய டியூப் துண்டு ஒன்று கிடைத்தது, வட்டமாக வெட்டிப் போட்டேன். அது உள்ளே மடங்கிச் சிக்கிக்கொண்டு கம்பியே நகரவில்லை. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பால்காரர் பம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இந்த வேல தெரியாது தங்கச்சி. கரையான்சாவடியில ஒரு சைக்கிள் கட கீது. நா வேணா போயி…" என்று இழுத்தார். போய் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

தோல் வேண்டும். நல்ல பதமான தோல். பால்காரர் வெறுங்காலோடு நடக்கிறவர். மாமியாரும் நானும் செருப்புப் போட்டதே கிடையாது. மாடுகளை விற்று வெகுநாள் ஆயிற்று, கழுத்துப் பட்டைகூட இல்லை. வீட்டில் இருந்த தோல் ஒன்றே ஒன்றுதான். மூன்று பேரும் ஒரே சமயத்தில் வாசற்படிக்கு உள்ளே பார்த்தோம்.

"அத்தத் தொடாத" என்றார் மாமியார்.

"அத்தே, வேற தோலு இல்ல."

"இல்லாட்டிப் போவுது. நீ போவவே வாணாம். அவன் வர்ற வரிக்கும் அது அங்கதான் கெடக்கணும்."

"நீதான போவச் சொன்ன?"

"போவச் சொன்னேன். அறுக்கச் சொன்னேனா?"

எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. குனிந்து செருப்பை எடுத்தேன். மாமியார் பாய்ந்து வந்து பிடித்தார். அந்த வயதில் அவருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இழுத்த இழுப்பில் வலது செருப்பு அவர் கையில் போயிற்று, இடது என் கையில் நின்றது. அவர் அதை மடியில் வைத்துப் புடவையால் மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "அறுக்காதடி. அவன் காலுடி அது" என்றார். கத்தவில்லை, கெஞ்சினார். இதுநாள்வரை என்னிடம் எதற்கும் கெஞ்சாத பொம்பிளை. பால்காரர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அறுத்தேன். அதை எப்படிச் சொன்னாலும் அறுத்ததுதான். செருப்பின் மேல்தோலில் அவருடைய பெருவிரல் அழுந்திய குழி இருந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு, குதிகால் பக்கம், தோல் வழவழவென்று இருந்த இடத்தில், பம்பு மூடியை வைத்துக் கோடு போட்டு அதற்கு வெளியே வட்டமாக அறுத்தேன். கத்தி சுலபமாக இறங்கியது. எட்டு மாதம் எண்ணெய் குடித்த தோல் ஆயிற்றே. கையால் வளைத்தால் வளைந்தது. பம்புக்குப் போகாத எண்ணெயெல்லாம் இதில் இருந்தது. என் நல்ல காலம் என்பதா, கெட்ட காலம் என்பதா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஓட்டை போட்டு, வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்து, ஓரத்தைக் கத்தியால் சீவி மெல்லிசாக்கினேன். சுத்தியல் பிடியின் அடியை வைத்துப் பம்பின் வாய்க்குள் அழுத்த அழுத்த, தோல் குழிந்து கிண்ணம் மாதிரி வந்தது. அதன்மேல் விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். கம்பியில் கோத்து, நட்டை முறுக்கி, உள்ளே இறக்கி, மூடியைத் திருகி, மேலே ஏறி மிதித்துக்கொண்டு அழுத்தினேன்.

சொத்தென்று விழுந்தது.

அப்போதுதான் அழுதேன். செருப்பும் போயிற்று, நேரமும் போயிற்று, மாமியாரின் வாயிலும் விழுந்தாயிற்று. பம்பைப் போட்டு உடைத்துவிடலாம் என்று தோன்றியது. பால்காரர், "அர மணி நேரம் ஆச்சு தங்கச்சி" என்றார், அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கம்பியை மறுபடி உருவி, மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தேன். கிண்ணத்தின் வாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் கீழே பார்க்க வேண்டும். காற்றை அழுத்தும்போது தோலின் ஓரம் விரிந்து உருளையோடு ஒட்ட வேண்டும். கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் அவர் நூறு தடவை மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். "வாயி கீழ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே மாட்டுவார். அவசரத்தில் நான் தலைகீழாகப் போட்டிருந்தேன்.

நட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். இந்தத் தடவை கைப்பிடி பாதிவரை வந்து நின்றது. அழுத்தினால் எதிர்த்தது. குழாய் முனையில் புஸ்ஸென்று காற்று வந்து என் உள்ளங்கையைத் தள்ளியது. டயர் எழும்பியது. கேன்களைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டுக் கிளம்பினோம். மாமியார் சுவரோரத்திலிருந்து எழவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை.

பம்பையும் கையோடு எடுத்துக்கொண்டேன். இரண்டு மைலுக்கு ஒரு முறை அடிக்க வேண்டுமே. பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் ரவிக்கையெல்லாம் ஆயிற்று. திருவேற்காட்டில் இறங்கி அடித்தோம். கூவம் ஆற்று மணலில் சைக்கிள் ஓடவில்லை, தள்ளிக்கொண்டு ஓடினோம். பருத்திப்பட்டில் மறுபடி அடித்தோம். நான் அடித்தேன், அவர் மூச்சு வாங்கினார். ஒவ்வொரு அழுத்தலிலும், தாங்கு, தாங்கு என்று அந்தத் தோலிடம் வேண்டிக்கொண்டேன். வேறு சாமி எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நிறைய இல்லை. "எனக்குக் கோவம் இல்ல. வந்துடு." அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் அவர் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்து, பால்காரரை இன்னும் வேகமாக மிதிக்கச் சொன்னேன்.

நாங்கள் போனபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. எல்லோரையும் ஏற்றியாகிவிட்டது. தண்டவாளத்துக்கு இப்பால் கம்பி வேலி. வேலியோரம் நிறையப் பெண்கள். ஒரே கூச்சல், அழுகை. ஒரு சிப்பாய் தடியை வைத்துக்கொண்டு யாரும் வேலியைத் தொடாமல் தள்ளிக்கொண்டிருந்தான். நான் பம்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். எல்லாரும் ஒரே சட்டை, ஒரே தொப்பி. எனக்கு என் புருஷன் முகமே மறந்துபோய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். அவ்வளவு பெண்களில் பம்பு தூக்கிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதானே. ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தெரிய நின்றார். இளைத்துக் கறுத்திருந்தார். என்னைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், வாய் கொள்ளாமல் சிரித்தார். ஏதோ சொன்னார், கேட்கவில்லை. இரண்டு கையையும் கைப்பிடி பிடிப்பது மாதிரி வைத்து மேலும் கீழும் ஆட்டினார். பிறகு விரல்களைக் கூட்டி எண்ணெய் ஊற்றுவது மாதிரி காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

எண்ணெய் விட்டாயா என்று கேட்கிறார்.

நான் தலையை ஆட்டினேன். விட்டேன், விட்டேன் என்று பலமாக ஆட்டினேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் இருந்தவன் தோளைத் தட்டி என்னைக் காட்டினார். என் பெண்டாட்டி என்று சொல்லியிருப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு முட்டாளைப் போல, பம்பை இன்னும் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை என்பது உறைத்தது. கத்திக்கொண்டு ஓடினேன். இஞ்சின் ஊதல் என் குரல்மேல் விழுந்து அதை அமுக்கிவிட்டது. அவர் கையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் காதில் அது விழவில்லை, எனக்குத் தெரியும்.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வாசற்படிக்கு உள்ளே இரண்டு செருப்பும் பழைய இடத்தில் ஜோடியாக இருந்தன. இடது செருப்பின் குதிகாலில் வட்டமாக ஒரு பள்ளம்.

"பாத்தியா?" என்றார் மாமியார்.

"பாத்தேன்."

"பேசினியா?"

"பேசினேன்."

அடுத்த ஒரு மாதம், சாப்பாடு போடு, விளக்கை ஏற்று என்பதைத் தவிர என்னிடம் வேறு பேச்சு இல்லை.

இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் அம்மாவின் உடம்பைக் கேட்டிருந்தார், பம்பைக் கேட்டிருந்தார், என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பம்பைக் கேட்டால் யாரைக் கேட்கிறார் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பதில் எழுதித் தர தபால்காரரிடம் போய் உட்கார்ந்தேன். கோபம் இல்லை, வந்துவிடுங்கள் என்பதை ஒரு அந்நிய மனுஷன் முன்னால் எப்படிச் சொல்வது? பம்பு சௌக்கியம் என்று எழுதச் சொன்னேன்.

மூன்றாவதாக வந்தது சர்க்காரின் காகிதம். கிழக்கே பர்மா எல்லையில் காணவில்லை என்று அதில் இருந்தது. செத்துவிட்டார் என்று இல்லை, காணவில்லை. மாமியார் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "காணோம்னா தேடிகினு கீறாங்கன்னு அர்த்தம்" என்றார். செருப்பைச் சுற்றிப் பெருக்கினோம். இடது செருப்பின் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் என்னைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன். நான்தான் என் வீட்டுக்காரர் வரும் வழியை அறுத்துவிட்டேன் என்று எனக்கும் தோன்றும். எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது.

யுத்தம் முடிந்தது. பக்கத்து மேனாம்பேட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள்கூட ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், இவர் வரவில்லை. அதற்குள் நான் வேலப்பன்சாவடிக் கொட்டகையை மறுபடி திறந்து, வருகிற சைக்கிள்களுக்குக் காற்று அடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். பொம்பிளை பம்பு அடிக்கிறாள் என்று முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. மாமியாரும் கூட வந்து உட்காருவார். மாதம் தவறாமல் பம்புக்கு எண்ணெய் விட்டேன். சாயந்தரம் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து, காலையில் தூக்கிப் போவேன்.

எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தோல் தேயாமல் இருக்குமா? ஒருநாள் காலையில் கிளம்புவதற்கு முன் அடித்துப் பார்த்தபோது கைப்பிடி சொத்தென்று விழுந்தது. பிரித்துப் பார்த்தேன். ஓரம் முழுக்கத் தேய்ந்து கிழிந்திருந்தது. பூந்தமல்லிக்குப் போய் ஒரு தோல் வாங்கி வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் வாசற்படிக்குப் போனார். குனிந்தார். வலது செருப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் கத்தியை வைத்தார்.

"இத்தையும் அறுத்துக்கோ" என்றார்.

"அத்தே…"

"அறு. கடையில ஆளுங்க வந்து நிப்பாங்க."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூடியை வைத்துக் கோடு போட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எண்ணெய் போடாமல் விட்டிருந்ததால் இந்தத் தோல் காய்ந்து விறைத்திருந்தது. இரண்டு கையாலும் கத்தியை அழுத்தி அறுக்க வேண்டியிருந்தது. என் பின்னால் துடைப்பத்தின் சத்தம் கேட்டது. வாசற்படிக்கு உள்ளே, இத்தனை வருஷம் நாங்கள் தொடாமல் விட்ட அந்த இடத்தை, இடது செருப்பை ஓரமாக நகர்த்திவிட்டு, மாமியார் பெருக்கிக்கொண்டிருந்தார்.